ஃபேன்டஸி ஆர்பிஜி உடைகள்: அந்த உலகத்தில் இதை யார் தைத்தார்கள்?

கரிக்கோடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஃபேன்டஸி ஆர்பிஜி (ஒரு கேரக்டராக மாறி ஆடும் கேம்) செய்துகொண்டிருக்கிறோம். ஓவியம் என் பொறுப்பு. போன வாரம் வைத்தியச்சி கேரக்டரை முடித்து அனுப்பினேன். தரை தொடும் வெள்ளை அங்கி, கழுத்தை ஒட்டிய காலர், இடுப்பில் தங்கப் பட்டை. கோட் எழுதும் நண்பன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “இதை அவள் எப்படிப் போட்டுக்கொள்வாள்? தலை நுழைய வழியில்லை. பொத்தான் இல்லை, முடிச்சும் இல்லை.”

அன்று இரவு என் பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பாதிப் பேருடைய உடைக்குத் திறப்பே இல்லை. அப்போதிருந்து எந்த கேமைப் பார்த்தாலும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன்.

எனக்கு மிகப் பிடித்த உடை ஃபைனல் ஃபேன்டஸி 10 கேமில் (2001) நாயகி யூனா உடுத்தியிருப்பது. இறந்தவர்களை வழியனுப்ப அவள் தண்ணீர்மேல் ஆடுகிற காட்சியை விளையாடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆட்டத்தில் துணி அசைய வேண்டும் என்பதற்காகவே கேரக்டர் வடிவமைப்பாளர் டெட்சுயா நோமுரா அவளுக்குக் கிமோனோ வகையில் நீளக் கைகள் கொடுத்தார். அவள் பெயருக்கு ஒகினாவா மொழியில் செம்பருத்தி இனப் பூ என்று பொருள். உடையிலும் அந்தப் பூ இருக்கிறது. அவள் என்ன செய்கிறாள், எந்த மண்ணிலிருந்து வருகிறாள் என்ற இரண்டும் துணியிலேயே தெரிந்துவிடுகின்றன.

அதே கேமில் லூலு என்ற மந்திரக்காரியின் பாவாடை முன்பக்கம் முழுக்க பெல்ட். கம்ப்யூட்டர் அனிமேஷன் செய்யும் சிஜி குழுவுக்குச் சவாலாக இருக்கட்டும் என்று அத்தனை பெல்ட் வைத்ததாக நோமுராவே சொன்ன கதை ரசிகர்களிடையே பிரபலம். பார்க்க அழகுதான். ஆனால் ஸ்பீரா என்ற அந்த கேம் உலகத்தில் யார் உட்கார்ந்து அத்தனை வார் அறுத்து, அத்தனை கொக்கி அடித்தார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு உடையை எப்போது நம்புகிறீர்கள், எப்போது நம்பாமல் போகிறீர்கள்? உங்கள் உதாரணங்களைச் சொல்லுங்கள்.

---

எட்டுபிட் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் தையல்காரருக்கு முன்னால் கேம் ஓடும் இயந்திரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

நிண்டெண்டோவின் பழைய ஃபேமிகாம் கன்சோலில் ஒரு ஸ்ப்ரைட்டுக்கு (திரையில் நகரும் சின்னப் பிக்சல் உருவம்) 3 நிறம்தான். நான்காவது இடம் வெற்றிடத்துக்குப் போய்விடும். உடல், முடி, உடை, வெளிக்கோடு எல்லாவற்றையும் அந்த மூன்றுக்குள் முடிக்க வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸியின் முதல் பாகம் (1987) அப்படித்தான் வந்தது. யோஷிடகா அமானோ வரைந்த படங்களைப் பார்த்தால் நூலிழை போன்ற கோடுகள், நீர்வண்ணம், காற்றில் கரையும் துணிகள். அதைப் பிக்சலாக மாற்றியவர் கசுகோ ஷிபுயா. அமானோவின் ஒரு மேலங்கியில் இருக்கும் மடிப்புகளின் எண்ணிக்கை அளவுக்குக்கூட அவருக்குப் பிக்சல் கிடைத்திருக்காது. அதனால் அவர் மடிப்பை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தார். கூர்த் தொப்பி, அதன் கீழே இருட்டு, இருட்டில் இரண்டு மஞ்சள் கண். பிளாக் மேஜ் என்ற மந்திரவாதி பிறந்துவிட்டான். இன்றுவரை அந்த உருவத்தை யாரும் தூக்கிப்போட முடியவில்லை.

இந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஃபைனல் ஃபேன்டஸி 6-இல் (1994) நன்றாகப் பார்க்கலாம். அமானோவின் ஓவியத்தில் நாயகி டெர்ராவுக்குப் பொன்னிற முடி. ஸ்ப்ரைட்டில் பச்சை.

7-ஆம் பாகத்தில் (1997) பாலிகன் (முப்பரிமாண உருவத்தைக் கட்டும் தட்டைத் துண்டுகள்) வந்தது, கேரக்டர் வடிவமைப்பு நோமுராவிடம் போனது. அமானோவின் மெல்லிய கோடுகளைச் சில நூறு முக்கோணங்களில் கொண்டுவரவே முடியாது. நோமுராவின் தடித்த வடிவங்கள் தாங்கின. கிளவுடுக்கு அவர் முதலில் யோசித்தது பின்னால் வாரிய கறுப்பு முடி, பாலிகன் மிச்சம். பிறகு நாயகன் தனித்துத் தெரிய வேண்டுமே என்று அந்தக் கூர்முனை மஞ்சள் முடியைக் கொடுத்தார். எவ்வளவு பாலிகன் எதற்குச் செலவழிக்கலாம் என்ற கணக்கிலிருந்துதான் நாம் கொண்டாடும் பல தோற்றங்கள் வந்தன.

---

வேல்விழி எழுதியது:

டெர்ராவின் பச்சை முடியைப் பார்த்து வளர்ந்தவள் நான். பொன்னிற முடியோடு அமானோ படத்தைப் பிற்பாடு பார்த்தபோது வேறு யாரோ என்று நினைத்தேன். எனக்கு அந்தச் சின்ன ஸ்ப்ரைட்தான் நிஜமான டெர்ரா.

---

தோள்பட்டை எழுதியது:

கேமராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் கரிக்கோடு.

வார்கிராஃப்ட் தோள் கவசம் ஏன் அத்தனை பெரிது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். வார்கிராஃப்ட் 3 (2002) மேலிருந்து பார்த்து விளையாடும் கேம். அந்த உயரத்திலிருந்து ஒரு வீரனிடம் தெரிவது தலை, தோள், கையில் இருக்கும் ஆயுதம், அவ்வளவுதான். திரையில் முப்பது பேர் மோதும்போது யார் எந்த வகை வீரன் என்று ஒரு நொடியில் தெரிய வேண்டும். அதனால் தோள் பெருத்தது, கை பெருத்தது, சுத்தியல் ஆளைவிடப் பெரிதானது.

2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது கேமரா முதுகுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஆனால் தோள் அப்படியே இருந்தது, ஏனென்றால் அதற்குள் அந்த உலகத்தின் அடையாளமே அதுவாகிவிட்டது. பாலிகன் குறைவு, ஒளியையும் நிழலையும் உருவத்தின்மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சரிலேயே கையால் தீட்டினார்கள். அதனால்தான் சாதாரண கம்ப்யூட்டரில் ஓடியது, இத்தனை வருடம் கழித்தும் கண்ணை உறுத்தாமல் இருக்கிறது. அதே வருடம் நிஜம்போல இருக்க முயன்ற பல கேம்களை இன்று பார்க்க முடியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு எப்போதும் வருத்தம். நல்ல எண்கள் (பலம், பாதுகாப்பு) உள்ள கவசத்தைத் தேடித் தேடிப் போட்டால் ஒரு துண்டு ஊதா, ஒரு துண்டு ஆரஞ்சு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. 2011 கடைசியில் டிரான்ஸ்மாக் என்ற வசதி வந்து தோற்றத்தையும் எண்ணையும் பிரித்த பிறகுதான் என் பாலடின் (புனித வீரன்) நான் நினைத்த மாதிரி ஆனான். அந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

---

ஊசிநூல் எழுதியது:

நான் காஸ்ப்ளே (கேம் கேரக்டர்போல உடை தைத்துப் போடுவது) செய்பவள், அதனால் இதைக் கையால் தொட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தோள்பட்டை சொன்ன அதே மாதிரித் தோள் கவசத்தை ஈவிஏ ஃபோமில் வெட்டி, ஹீட் கன்னில் வளைத்து, ஒட்டி, மூன்று வாரம் வேலை செய்தேன். கண்ணாடி முன் நின்றபோது பிரமாதமாக இருந்தது. கையைத் தூக்கினேன், தோள் கவசம் காதில் இடித்தது. முழுதாகத் தூக்கினால் மார்புத் தகடே மேலே ஏறியது. அன்று முழுவதும் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வாளை ஓங்கவே முடியாது.

அதற்கப்புறம்தான் உண்மையான ஐரோப்பியத் தகட்டுக் கவசம் எப்படி வேலை செய்தது என்று தேடிப் படித்தேன். 15-ஆம் நூற்றாண்டின் முழுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. ஆனால் எடை உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். உள்ளே பஞ்சோ பல அடுக்குத் துணியோ வைத்துத் தைத்த சட்டை. தகடுகளை அந்தச் சட்டையில் கயிறு போட்டுக் கட்டுவார்கள். அக்குளில் தகடு வைத்தால் கை அசையாது என்பதால் அங்கே சங்கிலிக் கவசத் துண்டைத் தைப்பார்கள், அல்லது முன்னால் ஒரு வட்டத் தகட்டைத் தொங்கவிடுவார்கள். மூட்டு வரும் இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

பெண் கேரக்டர்களுக்கு மார்பு வடிவத்தில் இரண்டாக எழும்பிய தகடு கொடுக்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். மார்புத் தகடு ஒரே வளைவாகப் புடைத்திருப்பதற்குக் காரணம், குத்து வழுக்கி வெளியே போக வேண்டும். இரண்டாகப் பிரித்தால் முனை வழுக்கி நேராக நடு நெஞ்சுக்கு வரும். சாதாரண வளைவுத் தகட்டுக்குள் பெண்ணுக்கும் இடம் உண்டு. போட்டுப் பார்த்தவள் சொல்கிறேன்.

---

மாலைநிழல் எழுதியது:

ஊசிநூல், உங்கள் உழைப்பு மேல் பெரிய மரியாதை. ஆனாலும் இந்தப் பாதையில் போனால் எல்லா ஃபேன்டஸியும் அருங்காட்சியகமாகிவிடும் என்று பயப்படுகிறேன்.

உள்சட்டை, சங்கிலி, தகடு என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும் என்றால் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் கேம் (2018) இருக்கிறது. 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கிறது, மாயம் மந்திரம் எதுவும் கிடையாது. அந்த கேமுக்கு அந்த உடை பொருந்தும். அமானோவின் உலகத்துக்குப் பொருந்துமா? அவர் வரைந்த மாந்தர்கள் கனவில் வருபவர்கள். கனவில் யாரும் பொத்தான் தேடுவதில்லை.

டிராகன்ஸ் கிரவுன் கேமை (2013) எடுத்துக்கொள்ளுங்கள். வனிலாவேர் ஸ்டுடியோவின் ஜார்ஜ் கமிட்டானி சூனியக்காரியை அளவுக்கு மீறி வரைந்தார் என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. அதே கேமில் குள்ள வீரனும் அளவுக்கு மீறித்தான் இருக்கிறான். உடம்பெல்லாம் தசைப் பாறை. எல்லாருமே ஊதிப் பெருக்கிய உருவங்கள். பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஓவியர் தவறு செய்துவிட்டார் என்று அளவுகோல் வைத்துச் சொல்ல முடியாது, அது அவர் தேர்ந்தெடுத்த பாணி.

---

கரிக்கோடு எழுதியது:

மாலைநிழல், நான் நிஜம்போல இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேம் தன் உலகத்துக்கு ஒரு விதி வைத்தால் உடையும் அந்த விதிக்குள் இருக்க வேண்டும் என்கிறேன். துணி குறைவா அதிகமா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

டார்க் சன் நினைவிருக்கிறதா? டன்ஜன்ஸ் & டிராகன்ஸுக்காக (மேசையில் உட்கார்ந்து ஆடும் ஆர்பிஜி) 1991-இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட பாலைவன உலகம். அங்கே உலோகம் கிடைப்பதே அரிது. அதனால் எலும்பு, ஓடு, தோல் இவற்றில்தான் ஆயுதமும் கவசமும். வெயில் கொளுத்தும், அதனால் உடம்பில் பாதிக்கு மேல் வெறுமை, குறுக்கே வார்கள் மட்டும். ப்ரோம் என்ற ஓவியர் அதற்கு வரைந்த ஓவியங்களில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே அளவு துணிதான் போட்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில்கூட எனக்கு உறுத்தியதில்லை. எழுத்தாளர்கள் எழுதத் தொடங்கும் முன்பே அவர் படங்கள் வரையத் தொடங்கியிருந்தார். அந்த ஓவியங்களைப் பார்த்து உலகம் எழுதப்பட்டது. ஓவியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடைக்குமா என்று தெரியவில்லை.

கனவு உலகத்துக்கும் கனவின் விதி உண்டு. அமானோவிடம் அது இருக்கிறது. என் வைத்தியச்சியிடம் இல்லை.

---

பழையசேவ் எழுதியது:

டார்க் சன் என்றதும் எனக்கு மாரோவிண்ட் கேம் (2002) நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த கேம் நடக்கும் தீவில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது குதிரை அல்ல, வீடு உயரத்துக்கு நிற்கும் சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பூச்சி. அதன்மேல் ஏறித்தான் ஊர் ஊராகப் போக வேண்டும். பூச்சிகள் நிறைந்த ஊரில் கவசமும் பூச்சி ஓட்டில்தான் இருக்கும். கைட்டின் கவசம் அப்படி. போன்மோல்ட் என்று எலும்பில் செய்த கவசம் இன்னொன்று. ரெடோரான், ஹ்லாலு என்று ஒவ்வொரு குடிக்கும் அதில் தனி வடிவம். தூரத்தில் ஒருவன் வரும்போதே எந்தக் குடியின் காவலன் என்று சொல்லிவிடலாம்.

உடைக்கு அங்கே விளைவும் உண்டு. கோவில் காவலர்களான ஆர்டினேட்டர்கள் இண்டோரில் கவசம் போட்டிருப்பார்கள், பொன் முகமூடியோடு. கிடைக்கிறதே என்று அதை எடுத்து நாம் போட்டுக்கொண்டு அவர்களில் ஒருவனிடம் போய்ப் பேசினால் முடிந்தது. புனித உடையைத் தீட்டுப்படுத்தியவன் என்று வெட்ட வருவான். அதன்பின் அவர்கள் யாரும் நம்மை விடுவதில்லை. முதல் தடவை எனக்கு நடந்தபோது கோபம் வரவில்லை, உடம்பு சிலிர்த்தது. ஒரு கேம் என் சட்டையைப் பார்க்கிறது!

பல்லி போன்ற ஆர்கோனியன், பூனை போன்ற காஜீட் இனத்தார் பூட்ஸ் போட முடியாது. கால் அமைப்பு வேறு. முகத்தை முழுதும் மூடும் தலைக்கவசமும் நுழையாது. ஆட்டக்காரருக்கு அது இழப்புதான், ஆனால் அந்த உடம்பு நிஜம் என்று நம்பவைத்தது அதுதான்.

இடது தோள், வலது தோள், இடக்கை, வலக்கை எல்லாம் தனித்தனி. கவசத்துக்கு உள்ளே சட்டை, கால்சட்டை. மேலே வேண்டுமானால் அங்கி. ஒரு தோளில் எலும்பு, மறு தோளில் இரும்பு என்று வறுமையில் சேர்த்துப் போட்ட வீரனாக அலைந்திருக்கிறேன். பிறகு அதே தொடரில் ஆப்லிவியன் (2006) வந்தது, தோள்கள் மார்புக் கவசத்தோடு ஒட்டிப்போயின, கைகள் ஜோடியாகின. அதற்கடுத்த ஸ்கைரிமில் (2011) கால் கவசமும் மார்போடு சேர்ந்துவிட்டது. தலை, உடம்பு, கை, கால், கேடயம், அவ்வளவுதான் மிச்சம். பார்க்க ஸ்கைரிம் எவ்வளவோ மேல். ஆனால் அதில் நான் உடை தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. யாரோ தேர்ந்தெடுத்ததைப் போட்டுக்கொண்டேன்.

---

எட்டுபிட் எழுதியது:

பழையசேவ், மனதார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரைபவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். எல்லாத் துண்டும் எல்லாத் துண்டோடும் சேர வேண்டும் என்றால் ஓவியர் எதையும் துணிந்து செய்ய முடியாது. தோள் தகடு கொஞ்சம் நீண்டால் வேறொரு மார்புத் தகட்டுக்குள் புகுந்துவிடும். இடுப்பில் ஒரு துணி தொங்கவிட்டால் இன்னொரு கால் கவசம் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மாரோவிண்ட் கவசங்களை உற்றுப் பாருங்கள், எல்லாம் உடம்பை ஒட்டிய குழாய் வடிவம்தான். ஒரே துண்டாகச் செய்தபோதுதான் தொங்கும் தோல், ரோமம், பெல்ட் எல்லாம் ஒழுங்காக விழுந்தன. திரையில் காட்டுவதும் எளிது.

கரிக்கோடு, உங்கள் கேமில் எத்தனை துண்டு என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றுவது நரகம்.

---

வேல்விழி எழுதியது:

நான் வேறொன்று கேட்க வேண்டும். டிராகன் குவெஸ்ட் 3-இன் புது வடிவம் 2024 நவம்பரில் வந்தபோது பெண் போர்வீரரின் உடையை மாற்றி, வெறுமையாக இருந்த இடங்களைத் துணியால் மூடினார்கள். 1988-இல் அகிரா டோரியாமா வரைந்த உரு அது. அவர் 2024 மார்ச்சில் மறைந்துவிட்டார். அவர் கோட்டைத் தொட்டது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. ஜென்ஷின் இம்பாக்ட் என்ற சீன கேமில் 2022 தொடக்கத்தில் ஜீன், ஆம்பர், மோனா, ரோசாரியா நால்வருக்கும் சீனாவில் மூடிய உடை வந்ததே, அதுவும் இதே வகையா? யாராவது விளக்குங்கள்.

---

ஊசிநூல் எழுதியது:

வேல்விழி, என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல, ஆனால் இரண்டிலும் ஒரே குறை. வெளியிலிருந்து வந்த ஒரு தேவைக்காகத் துணி சேர்த்திருக்கிறார்கள். ஒன்றில் வயது வரம்புச் சான்றிதழ், மற்றதில் நாட்டின் கட்டுப்பாடு. அந்தக் கேரக்டர் என்ன நினைத்து உடுத்துகிறாள் என்ற கேள்வி எங்குமே வரவில்லை. ஜென்ஷினில் ஜீனின் புதிய உடை மட்டும் எனக்குப் பிடித்தது. ஒரு படைத் தலைவி போடக்கூடிய உடையாக இருக்கிறது. முதலில் வந்ததைவிட அவளுக்கு அதுதான் பொருந்துகிறது.

டோரியாமா விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அவர் உலகத்தில் ஆண் போர்வீரனுக்கும் பெண்ணுக்கும் ஒரே குறும்பு, ஒரே உருண்டைக் கோடு. சாதாரணக் கூழ்மாதிரி ஒரு அரக்கனை டிராகன் குவெஸ்டை உருவாக்கிய யூஜி ஹோரி கிறுக்கிக் கொடுக்க, அதைத் துளி வடிவமாக்கிப் புன்னகை வைத்து ஸ்லைமாகத் திருப்பிக் கொடுத்த கை அது. அந்தக் கையின் போர்வீரர் உடை யாரையும் தாழ்த்தியதாக நான் நினைக்கவில்லை.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. பழைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரே கால் கவசம், ஒரே எண்கள். ஆண் போட்டால் முழுக்கால், பெண் போட்டால் தொடை வெளியே. அந்த உலகத்தில் அதற்கு ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. அப்போது ஆடிக்கொண்டிருந்த பெண்கள் எத்தனையோ பேர், நாங்கள் எல்லாம் மேலே ஒரு அங்கி கிடைக்குமா என்று தேடினோம். பால்டர்ஸ் கேட் 3-இல் (2023) ஷாடோஹார்ட் என்ற பெண்ணுக்கும் கேல் என்ற ஆணுக்கும் ஒரே தகட்டுக் கவசத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் மேலும் அது கவசமாகவே இருந்தது. கண்ணில் தண்ணீர் வராத குறை.

---

தோள்பட்டை எழுதியது:

சுமேருவையும் சேர்க்கலாம். ஜென்ஷினில் 2022 ஆகஸ்டில் சுமேரு என்ற அந்தப் புதுப் பகுதி வந்தபோது மேற்காசியா, வட ஆப்பிரிக்கா, தெற்காசியா எல்லாவற்றையும் கலந்து உடை எடுத்தார்கள், ஆனால் மனிதர்களின் தோல் நிறம் மட்டும் பெரும்பாலும் வெளிறியே இருந்தது. அப்போது பலர் எழுதினார்கள், நானும் வருத்தப்பட்டேன். நகையையும் துணியையும் எடுத்துக்கொண்டு அதை அணியும் மனிதரை விட்டுவிட்டார்கள்.

---

மாலைநிழல் எழுதியது:

நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நேற்று எல்டன் ரிங் கேமை (2022) மறுபடி தொடங்கினேன், கரிக்கோடின் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த கேமில் ஒரு தையல்காரர் இருக்கிறார்! பாக் என்ற சின்ன டெமி-ஹியூமன் (அரை மனிதப் பிறவி). அவன் அம்மாவும் தையல்காரிதான். கடற்கரைக் குகையில் அவனுக்கான ஊசியை மீட்டுக் கொடுத்தால் நம் உடைகளைத் திருத்தித் தருகிறான், மேலங்கியை எடுத்துவிடுவது போல. தன்னை அசிங்கம் என்று நினைத்து அழும் ஒரு ஜீவன், நம்மைப் பார்த்து உடை நன்றாக இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிறது. எத்தனையோ பேய்ப் பிறவிகளோடு சண்டை போட்ட அந்த கேமில் எனக்கு நெருக்கமான ஆள் அவன்தான்.

அதே ஸ்டுடியோவின் டார்க் சோல்ஸில் (2011) கவசத்தின் எடை நம் விரலுக்கே தெரியும். தாங்கும் அளவில் 25 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அடியிலிருந்து தப்ப உருளும்போது சட்டென்று நகரலாம், 50-ஐத் தாண்டினால் மூட்டை விழுகிற மாதிரி. ஹேவல் என்ற வீரனின் கல் கவசத்தைப் போட்டுப் பாருங்கள். கனவு மாதிரி உலகம்தான், ஆனால் ஒவ்வொரு இரும்பும் கனக்கிறது. அதனால் கனவா நிஜமா என்று நான் பிரித்தது சரியில்லை.

---

கரிக்கோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாளாக இதைப் படித்துக்கொண்டே வரைந்தேன்.

வைத்தியச்சியை முதலிலிருந்து மாற்றிவிட்டேன். அவள் ஊர் ஈரமான மலைச்சரிவு, ஆட்டு ரோமம் தாராளம், வெள்ளைச் சாயம் கிடையாது. அதனால் அங்கி வெளுக்காத ரோம நிறம். தரை தொட்டால் சேற்றில் நனையும், எனவே கணுக்காலுக்கு மேலே. காலரை எடுத்துவிட்டு முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடித்து இடுப்பில் கட்டுவதாக வைத்தேன். கைகள் முழங்கை வரை சுருட்ட முடியும் அகலம், காயம் கழுவுகிறவள் அல்லவா. தங்கப் பட்டைக்குப் பதில் நெய்த பட்டை. அதில் மூலிகைச் சுருக்குப்பைகள் மூன்று. எட்டுபிட் சொன்னபடி அங்கி, பட்டை, பை மூன்றும் ஒரே துண்டு. காலணியும் தலைத்துணியும் மட்டும் தனி.

பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. எங்கள் கேமரா முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். ஆட்டக்காரர் முழுக்க முழுக்கப் பார்க்கப் போவது அவள் முதுகை. அங்கே தோளுக்குக் குறுக்கே ஒரு போர்வைச் சுருள் கட்டியிருக்கிறேன், நோயாளியைப் படுக்கவைக்க. நண்பனிடம் காட்டினேன். இந்த முறை எதுவும் கேட்காமல் மாடல் செய்யத் தொடங்கிவிட்டான்.

---

ஊசிநூல் எழுதியது:

விவரத்தைப் படிக்கும்போதே தைக்க வேண்டும்போல இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். கோலை எந்தக் கையில் பிடிப்பாள்? இடுப்பு முடிச்சு அதற்கு எதிர்ப்பக்கம் வரட்டும். இல்லையென்றால் கை வீசும்போதெல்லாம் முடிச்சில் இடிக்கும், அனிமேஷனில் அது துணிக்குள் புகுந்து தெரியும்.

---

கரிக்கோடு எழுதியது:

இடக்கை. நான் முடிச்சையும் இடப்பக்கம்தான் வைத்திருக்கிறேன். இப்போதே மாற்றுகிறேன், நாளைக்குள் படத்தை இங்கே போடுகிறேன்.